இரவல் மெட்டும் சொந்தப் பாட்டும்

தலவாக்கலைப் பகுதியில் கோயில் திருவிழா மேடைகளிலும் பாடசாலைப் போட்டிகளிலும் தனித்துப் பாட வரும் இளைஞர்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். குரல் வளத்தில் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால், பேர்பெற்ற பின்னணிப் பாடகர் ஒருவரின் பாட்டை எடுத்துக்கொண்டு, அவர் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி, அவர் குழைந்த இடத்தில் குழைந்து, அப்படியே ஒப்புவித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கைதட்டல் பலமாகத்தான் எழுகிறது. அது மேடையில் நின்றவருக்கா, ஒலித்தட்டில் பாடியவருக்கா என்பதே என் ஐயம்.

"திரைப்பட மெட்டே ஆகாதென்கிறீரோ?" என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் சினந்து கேட்பதுண்டு. அப்படியன்று. மெட்டு இரவலாக இருக்கலாம். அதற்கு இம்மலையகமே சான்று. கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய கூட்டங்களில் அவர்தம் மனைவியார் மீனாட்சி அம்மாள் பாடினார். பாரதியார் பாடல்களைப் பாடியதோடு தாமே இயற்றியும் பாடினார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். மறு ஆண்டிலேயே அம்மையாரின் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாட்டு நூல் வெளிவந்தது. மக்கள் காதுக்குப் பழகிய மெட்டுகளையே அவர் கையாண்டார். எழுத்தறியாத ஒருவர், கூட்டத்தில் கேட்டதை அன்றிரவே லயத்துக்கு எடுத்துச் சென்று பாடிவிடலாம் அல்லவா? மெட்டு ஊரார் மெட்டு. சொல்லோ கேட்பவரின் சொந்த வாழ்வு. சபா மேடைகளின் வரலாற்றில் அவர் பெயரைத் தேடிப் பயனில்லை. மலையக மக்களின் வரலாற்றை அவரை விட்டு எழுதவும் இயலாது.

இது பிரசாரம், கலையன்று என்பாரும் உளர். அவர்கள் கே. பி. சுந்தராம்பாளை எண்ணிப் பார்க்கட்டும். இலங்கைக்கு நாடகமாட வந்தபோதுதான் அவர் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். 1933இல் கிட்டப்பா மறைந்த பின்னர், வெண்ணிற ஆடை பூண்டு, ஆடவருடன் இணைந்து நடிப்பதைத் துறந்தார். காதல் பாட்டுகளே நாடகக் கொட்டகையின் உயிராக இருந்த காலத்தில் அது தொழிலையே கைவிடுவதற்குச் சமானம். ஆயினும் நடந்தது வேறு. 1935இல் வெளிவந்த 'நந்தனா'ருக்கு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். நந்தனாராக நடித்தவரும் அவரே. 1953இல் 'ஔவையார்' வந்தது. தம் வாழ்வோடு பொருந்தாத பாட்டுகளை ஒதுக்கியதனால் அவர் குறுகிவிடவில்லை; முருகன் பாட்டென்றால் அவர் குரலே நினைவுக்கு வரும் நிலை உண்டாயிற்று.

உண்மையுணர்ச்சி இருந்தால் சுருதி வேண்டியதில்லை என்று கருதுவோரையும் கேட்டிருக்கிறேன். செவிக்கு அது தண்டனையே! சுந்தராம்பாளின் உருக்கத்துக்குப் பின்னே இளமை முதற்கொண்டு நாடக மேடையில் பெற்ற பயிற்சி இருந்தது.

ஆகவே, மாணவரைப் போட்டிக்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியர்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களையும் தேடித் தொகுத்தவர். தாலாட்டும் ஒப்பாரியும் காமன் கூத்துப் பாட்டும் பல தோட்டத்து வீடுகளில் பாட்டிமார் நினைவில் இன்னும் இருக்கின்றன. அடுத்த போட்டியில் ஒரு மாணவியையேனும் அவற்றுள் ஒன்றைப் பாடவிடுங்கள். பக்கவாத்தியம் வேண்டாம்; சுருதிப்பெட்டி ஒன்று போதும். நடுவர்கள் எவ்வளவு புள்ளியிடுகிறார்கள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.