கூலியை விழுங்கும் விலைப்புள்ளி

முன்வைப்புத் தொகை கட்டவில்லை என்றால் ஒப்பந்தப்புள்ளி தள்ளுபடி. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதியுள்ளவற்றில் குறைந்த விலைக்கே வேலை. இந்தக் கண்டிப்பு தேவைதான். தூய்மைப் பணி டெண்டரில் அது கூலிக்கும் உயிருக்கும் பொருந்த வேண்டாமா?

துப்புரவில் செலவின் பெரும்பகுதி கூலி. விலையைக் குறைக்கக் கூலியை வெட்ட வேண்டும், அல்லது கையுறையையும் காலணியையும் வெட்ட வேண்டும். இழப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர். ஆட்களின் எண்ணிக்கையைக் குறைந்தபட்சக் கூலியால் பெருக்கிப் பாருங்கள். அதற்கும் கீழே விலை போடுபவர், சட்டத்தை மீறுவேன் என்று எழுதித் தருகிறார். அதை ஏற்கும் அதிகாரி உடந்தையாகிறார்.

2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்ச் சாவுகளுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. விபத்து நேர்ந்தால் ஒப்பந்தம் பறிபோகும், கருப்புப் பட்டியலில் சேரவும் நேரும் என்று மாதிரி ஒப்பந்தம் வகுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு, ஆனால் இந்தத் தண்டனைகள் சாவுக்குப் பிந்தியவை. வெடித்த பிறகு பட்டாசு ஆலை உரிமம் ரத்தாவதைப் பார்த்துப் பழகிய எங்கள் ஆமத்தூர் வட்டாரத்துக்கு அந்தத் தாமதத்தின் விலை தெரியும்.

ஒவ்வொரு துப்புரவு டெண்டரிலும் ஆள்வாரிக் கூலிக் கணக்கும் பாதுகாப்புச் செலவும் கட்டாயமாகட்டும். கணக்கு உதைத்தால், உறை பிரித்த அன்றே தள்ளுபடி செய்யுங்கள்.