சுற்றுலாவுக்குப் பேருந்து எதற்கு?



'சுற்றுலா' என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ஊட்டி, கொடைக்கானல், பேருந்தில் பாட்டு, ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை... அப்படித்தானே? ஆண்டுக்கு ஒரு நாளாவது பக்கத்து ஊருக்கு நடந்தே சுற்றுலா போகவேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். ஒரு வருடம், சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாமல் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். போய் வந்தவர்கள் கதை கதையாகச் சொன்னபோது, அந்த எட்டுப் பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பணம் வசூலித்தவன் நான்தான். மனசு உறுத்தியது.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெற்றோர் சிலரையும் சேர்த்துக்கொண்டு, வகுப்பு முழுவதும் கழுகுமலைக்கு நடந்தோம். எங்கள் ஊரிலிருந்து 8 கிலோமீட்டர். கையில் தண்ணீரும் புளிச்சோறும். தார்ச்சாலையை விட்டுவிட்டு, வண்டிப்பாதையில் போனோம். இருபுறமும் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம்.

வகுப்பில் வாசிக்கத் திணறும் பையன் ஒருவன், அன்று எங்களுக்கெல்லாம் வாத்தியார் ஆகிவிட்டான்! எது ஆவாரை, எது குப்பைமேனி என்று காட்டினான். "மழை பெய்தால் கரிசல் மண் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதான் சார் நிலத்திலே இவ்வளவு வெடிப்பு" என்றான். நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடத்தை அவன் காலால் நடந்து படித்திருந்தான்.

கழுகுமலையில் இருப்பது வெட்டுவான் கோயில். 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தது. அடிப்பகுதி முடிக்கப்படாமலே நிற்கிறது. அருகே பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அவற்றின் கீழே, செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. அவர்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் உண்டு. பெண் ஆசிரியர்களுக்குக் 'குரத்தி' என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த மலையில் பாடம் நடந்திருக்கிறது! அந்த மாணவர்கள் எந்தப் பேருந்தில் வந்தார்கள்?

"நம்ம ஊரில் வெயிலைத் தவிர என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களுக்கு இடையே நடைபாதைகள் உண்டு. அடுத்த ஊருக்கு நடந்து போக எவ்வளவு நேரமாகும் என்று மஞ்சள் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பாதையை மதிக்கிறார்கள். நாம் நம் வண்டிப்பாதைகளில் முள் வளர விட்டுவிட்டோம். நடக்க ஆளில்லாத பாதை, நாளடைவில் மறைந்தே போகும்.

நடக்கும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். ஆசிரியர், பெற்றோர் துணையில்லாமல் போகாதீர்கள். விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். திரும்பும்போது டவுன் பஸ் ஏறலாம், தவறில்லை. முக்கியமாக, பாறையிலும் சிற்பத்திலும் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள். கல்லில் பெயர் எழுதும் உரிமை அந்தச் சிற்பங்களைச் செய்வித்தவர்களுக்கு மட்டும்தான்!

அன்று அந்த எட்டுப் பேரும் எல்லோருக்கும் முன்னால் நடந்தார்கள். நடைக்குக் கட்டணம் இல்லையே! உங்கள் வகுப்பில் சுற்றுலாவுக்கு வராமல் நின்றுவிட்ட நண்பன் யார் என்று யோசித்துப் பாருங்கள். நாளையே உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்: "சார், நாம் எல்லோரும் சேர்ந்து ஒருநாள் நடந்து போவோமா?"

கேட்பீர்களா?