மதராசபட்டினம் தந்த லத்தீன் சொல்

செடிகொடிகளின் லத்தீன் பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். பொருள் அறியாமல் கற்றது நெஞ்சில் எவ்வாறு நிலைக்கும்? அப்பெயர்களின் பொருளையும் இலக்கணத்தையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

சளிக்கும் இருமலுக்கும் பாட்டிமார் தேடும் முசுமுசுக்கையை எடுத்துக்கொள்வோம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இதற்கு இட்ட பெயர் 'குக்குமிஸ் மதராஸ்பதானுஸ்'. முதற்சொல் வெள்ளரி இனத்தைக் குறிக்கும். அடுத்தது 'மதராசபட்டினத்து' என்னும் பெயரடை. பண்டை உரோமர் அறியாத சொல் இது! 1690-களில் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராயிருந்த சாமுவேல் பிரவுன் போன்றோர் நம் செடிகளை உலர்த்தி லண்டனுக்கு அனுப்பினர். இவ்வாறு நம் ஊர்ப்பெயரும் லத்தீன் விகுதி பெற்று நூலேறியது.

தமிழில் 'நல்ல அண்ணன், நல்ல அக்கா, நல்ல மரம்' என்கிறோம்; பெயரடை மாறுவதில்லை. லத்தீனிலோ அது பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப 'போனுஸ், போனா, போனும்' என மாறும். குக்குமிஸ் ஆண்பால், ஆதலால் 'மதராஸ்பதானுஸ்'. 1846-இல் ரோமர் என்பவர் இக்கொடியை 'முக்கியா' என்னும் பெண்பால் பெயரின்கீழ் வைத்தார். உடனே அது 'மதராஸ்பதானா' ஆயிற்று. மரபணு ஆய்வின் பயனாக 2007-இல் மீண்டும் குக்குமிஸ் இனத்தில் சேர்ந்தது. பழைய விகுதியும் திரும்பியது. மேலாநெல்லிக்கு லின்னேயஸ் அதே நூலில் 'மதராஸ்பதென்சிஸ்' என்றார். இவ்விகுதி ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது.

"திருப்பலியே தமிழில் நடக்கும்போது லத்தீன் எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். நம் பேரிகையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். ஒரே கொடிக்கு வீட்டுக்கொரு பெயர்! எல்லார்க்கும் பொதுவான பெயர் வேண்டுமல்லவா? 1996-இல் மதராஸ் 'சென்னை' ஆயிற்று. ஆயினும் முசுமுசுக்கையின் பெயரில் பழைய பட்டினம் இன்றும் வாழ்கிறது.

ஆனால் வேலியில் படர்ந்த கொடியை அறியாமல், பெயரை மட்டும் எழுதி மதிப்பெண் பெறுவது கல்வியாகாது. பாட்டியிடம் கொடியையும் புத்தகத்தில் பெயரையும் கற்போம். நம் பள்ளித் தோட்டத்துச் செடிகள் ஒவ்வொன்றின் அருகிலும் தாய்மொழிப் பெயர், லத்தீன் பெயர், அதன் பொருள் ஆகிய மூன்றையும் எழுதிவைப்போம். தோழியரே, வரும் கல்வியாண்டிலேயே இதனைத் தொடங்குவோமாக!