பூ வேண்டாம் என்ற அம்மா

தோவாளைப் பூச்சந்தையில் விடியும் முன்பே விலை பேசும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பிச்சி, மல்லி, அரளி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நல்லதோ கெட்டதோ, பூ இல்லாமல் நம் வீட்டில் எதுவும் நடக்காது. ஆனால், தனக்குப் பூ மட்டும் வாங்கித் தர வேண்டாம் என்று பெற்ற மகள்களிடம் சொன்ன ஓர் அம்மா இருந்தார். காரணம் தெரியாமலேயே அந்த மகள்கள் வளர்ந்தார்கள்.

அவர் பெயர் ஜேன் ரஃப் ஓஹெர்ன். 1923-ல் ஜாவா தீவில் பிறந்த டச்சுப் பெண். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் ஜாவாவைப் பிடித்ததும், குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டார். 1944-ல் அவருக்கு 21 வயது. வேறு சில இளம்பெண்களோடு அவரையும் செமராங் நகரில் ஒரு வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். ராணுவ அதிகாரிகளின் இச்சைக்காக நடத்தப்பட்ட வீடு அது. அங்கே பெண்களுக்குப் பூக்களின் பெயரைச் சூட்டினார்கள். அடித்தும் மிரட்டியும் மாதக்கணக்கில் சீரழித்தார்கள்.

போர் முடிந்தது. திருமணம், குழந்தைகள், ஆஸ்திரேலியாவில் புது வாழ்க்கை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. உடனிருந்த பெண்களின் பெயர்கள் கொண்ட ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்.

கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ், மலேயா எனப் பல நாட்டுப் பெண்களுக்கு இந்தக் கொடுமை நடந்தது. நம் அந்தமானை ஜப்பான் பிடித்திருந்தபோது போர்ட் பிளேயரிலும் இப்படி ஓர் இடம் இருந்தது. 'ஆறுதல் பெண்கள்' என்று இவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். யாருக்கு ஆறுதல்?

இதில் ராணுவத்துக்குத் தொடர்பே இல்லை என்று ஜப்பான் அரசு சொன்னதைக் கேட்டு, கொரியாவின் கிம் ஹாக் சுன் பொறுக்க முடியாமல் எழுந்தார். 1991 ஆகஸ்ட் 14 அன்று, 66 வயதில், தன் முகத்தையும் பெயரையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். அதன்பின் பலருக்குத் துணிச்சல் வந்தது. கொரியப் பெண்களைத் தொலைக்காட்சியில் பார்த்த ஜேனும் பேச முடிவெடுத்தார். மகளிடம் வாயால் சொல்ல முடியாமல் எழுதிக் கொடுத்தார். பிறகு 1992 டிசம்பரில் டோக்கியோவில், எல்லோர் முன்னும் பேசினார். மறு வருடம், ராணுவத்தின் பங்கை ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது.

கொரியாவில் பதிவு செய்துகொண்டவர்கள் 240 பேர். இன்று உயிரோடு இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் போன பிறகு யார் சொல்வது? மணிலாவில் 2017 டிசம்பரில் வைத்த நினைவுச் சிலையை 2018 ஏப்ரலிலேயே அகற்றிவிட்டார்கள்.

மறக்கடிக்கும் வேலை எங்கோ மட்டும் நடப்பதல்ல. மேலாடை அணியும் உரிமைக்காக நம் மாவட்டத்துப் பெண்கள் அடிபட்டுப் போராடிய தோள்சீலைப் போராட்டம் வேறு வகை. அது போர்க் கொடுமை அல்ல. 1859-ல் அந்த உரிமை அரச ஆணையாகக் கிடைத்தது. ஆனால் அதைச் சொன்ன ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அறிவித்தது. பின்னர் பாடமே புத்தகத்திலிருந்து போய்விட்டது. ஆனாலும் 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் அதன் 200-வது ஆண்டு விழா பெரிய கூட்டத்தோடு நடந்தது. ஊர் மறக்கவில்லை.

தோள்சீலையைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் மானபங்கம் என்றால் குரலைத் தாழ்த்திவிடுகிறோம், 'வெளியே தெரிந்தால் அசிங்கம்' என்கிறோம். அசிங்கம் செய்தவனுக்குத்தானே? ஜேனை ஐம்பது வருடம் பேசவிடாமல் வைத்திருந்தது இந்த வார்த்தைதான்.

உங்கள் வீட்டு ஆச்சியோ அத்தையோ என்றைக்காவது பழைய கதை ஒன்றைத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தால், 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சம்மதித்தால் எழுதி வையுங்கள். ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.