ஓடும் ரயிலிலும் அளந்து பாருங்கள்

பூச்சோங்கில் எல்டிபி நெடுஞ்சாலையை ஒட்டி மேம்பாலத்தில் எல்ஆர்டி ரயில் ஓடுகிறது. மாலை ஆறு மணிக்குக் கீழே கார்கள் நெரிசலில் ஊர்கின்றன. மேலே ரயில் விரைகிறது. இரண்டிலும் உள்ள கைப்பேசிகளுக்கு ஒரே கோபுரம்தான் சேவை தருகிறது. ஆனால் அவற்றின் தேவை ஒன்றல்ல.

கோபுரத்தின் அலை கட்டடங்களில் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் வந்து சேர்கிறது. அவை ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். சில சென்டிமீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடும். மலேசியாவில் 5ஜி பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் ரயில் அதில் பாதியை ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் கடந்துவிடும். இரு தரப்பும் முன்பே அறிந்த குறியீடுகளைக் கோபுரம் அனுப்ப, கைப்பேசி அவை வந்த விதத்தைக் கொண்டு பாதையின் நிலையைக் கணித்துப் பதில் சொல்கிறது. ரயிலில் அந்தப் பதில் போய்ச் சேரும்போதே பழசாகிவிடுகிறது. கோபுரம் அதை நம்பி அனுப்பும் தரவு பிழையாகி, மறுபடி அனுப்ப வேண்டியதாகிறது.

குறியீடுகளை அடிக்கடி அனுப்பலாம்தான். அதற்குத் தரவின் இடத்தைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். ரயிலுக்கு அது அவசியம், நெரிசலில் நிற்கும் காருக்கு வீண். ஆகவே வேகத்தை முதலில் அறிய வேண்டும். டாப்ளர் விளைவு அதற்கு உதவுகிறது: மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் அதிர்வெண் சுமார் 260 ஹெர்ட்ஸ் வரை விலகும். 700 மெகாஹெர்ட்ஸில் 52 மட்டுமே. கோபுரத்தை நெருங்கும்போது கூடும் அதிர்வெண், கடந்ததும் குறைகிறது. குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை கோபுர எல்லைகளைக் கடந்தோம் என்று எண்ணிப் பார்க்கும் முறையும் உண்டு. கோபுரங்கள் நெருங்கியிருக்கும் நகரத்தில் அது மட்டும் போதாது என்பது என் கருத்து. மெதுவாகப் போகும் வண்டியும் அங்கே பல எல்லைகளைத் தாண்டிவிடும்.

மலேசியாவில் தொடர்புச் சேவையை மேம்படுத்த 2020இல் தொடங்கிய ஜென்டெலா திட்டம், குடியிருப்புப் பகுதிகளில் 96.9 விழுக்காடு 4ஜி சேவையையும் விநாடிக்கு 35 மெகாபிட் சராசரி வேகத்தையும் இலக்காக வைத்தது. நல்ல இலக்குதான். ஆனால் வீடிருக்கும் இடத்தைக் கணக்கிடும் விழுக்காடு, வேலைக்குப் போய்வரும் ஒருவரின் பயண நேரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஐஓஐ பூச்சோங் ஜெயாவிலிருந்து புத்ரா ஹைட்ஸ் வரை, உச்ச நேரத்தில், ஓடும் ரயிலில் கிடைக்கும் தரத்தை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் தனியே அளந்து, நிறுவனவாரியாக வெளியிட வேண்டும். மாதந்தோறும் கட்டணம் கட்டும் பயணிகள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.