ஒரு அட்டை, பல முகம்
1972ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த வி.எம்/370 என்னும் மென்பொருள், ஒரே பேரியந்திரத்தைப் பகிர்ந்துகொண்டவர் ஒவ்வொருவருக்கும் துளையட்டை வாசிப்பானும் அச்சுப்பொறியும் தனித்தனியே சொந்தம் என்னும் தோற்றத்தை உண்டாக்கி, இல்லாத அட்டைகளை ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பவும் வகைசெய்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஆச்சரியம் மேலிடுகிறது. இன்றைய மேகக் கணிமையிலோ, ஒரே நெட்வொர்க் அட்டை எஸ்.ஆர்.-ஐ.ஓ.வி. முறையால் பலவாகப் பிரிந்து, மென்பொருளால் உருவான மெய்நிகர் இயந்திரங்களுக்கு நேரடியாகவே ஊழியம் புரிகிறது, வேகம் பிரமாதந்தான். ஆயினும், அவ்வாறு ஒரு வன்பொருளோடு பிணைக்கப்பட்ட இயந்திரத்தை, ஓட்டம் நில்லாமல் வேறொரு சர்வருக்குப் பெயர்ப்பது கஷ்டசாத்தியமான காரியமாதலால், கீழே எந்த நிறுவனத்தின் அட்டை இருப்பினும் மேலே ஒரே முகம் காட்டும் வர்ட்-ஐ.ஓ. போன்ற பொது இடைமுகத்தையே, வேகம் சற்றுக் குறைந்தாலும், நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்.