பாதாள ரயிலின் பிறந்த வீடு

“என் மகள் சென்னையில் தினமும் பாதாள ரயிலில்தான் ஆபீசுக்குப் போய் வருகிறாள். இந்த மாதிரி வண்டியை நம் தேசத்தில் முதன்முதலில் செய்தது யார்?” என்று விளாத்திகுளத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

வெகுகாலமாக ரயிலேறக் கோவில்பட்டிக்குப் போய் வந்த ஊர்க்காரர் கேட்கிறார். கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

உலகத்தின் முதல் பாதாள ரயில் 1863-ல் லண்டனில் ஓடியது. இழுத்தது நீராவி இன்ஜின்! சுரங்கம் முழுக்கப் புகை. 1890-ல் மின்சார வண்டி வந்த பிறகுதான் அங்கே மூச்சுவிட வழி பிறந்தது.

நம் தேசத்தில் முந்திக்கொண்டது கல்கத்தா. 1972-ல் அடிக்கல் நாட்டி, வீதிகளைத் தோண்டி, 12 வருஷம் பாடுபட்டார்கள். 1984 அக்டோபர் 24-ஆம் தேதி எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை, 3.4 கிலோமீட்டர் தூரம் வண்டி ஓடியது.

அந்த வண்டிக்குப் பிறந்த வீடு எது தெரியுமா? நம் பெரம்பூர்! 1955-ல் நேரு திறந்துவைத்த ஐ.சி.எப். தொழிற்சாலைதான் பெட்டிகளைச் செய்து அனுப்பியது. தலைக்கு மேலே மின்கம்பி கிடையாது. தண்டவாளத்தை ஒட்டி மூன்றாவதாக ஒரு தண்டவாளம். அதிலிருந்து 750 வோல்ட் மின்சாரம் எடுத்துக்கொண்டு ஓடும்.

புகுந்த வீட்டில் நன்றாகவே உழைத்தன அந்த வண்டிகள். 2010-ல் குளிர்சாதன வண்டிகள் வந்து சேர்ந்தன. அவையும் பெரம்பூர்ப் பெண்களே! பழைய வண்டிகளில் கடைசியானது விடைபெற்ற நாள் 2021 அக்டோபர் 24. முதல் வண்டி ஓடிய அதே தேதி. சரியாக 37 வருஷம்!

சென்னையில் பூமிக்கடியில் மெட்ரோ ஓடியது 2017 மே மாதம்தான். அந்த வண்டிகளோ ஒரு பிரெஞ்சுக் கம்பெனி செய்தவை. முதல் ஒன்பது பிரேசிலிலிருந்து கப்பலேறி வந்தன. மற்றவை பக்கத்திலே ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராயின.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1984-ல் 30 வயதில் பெரம்பூரில் ஆணி முடுக்கிய தொழிலாளிக்கு, சொந்த ஊரில் பாதாள ரயில் ஏறும்போது வயது 63. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பிறத்தியார் செய்த வண்டியில், டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்!

அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பந்தல் போட்டவர் அவர். நம் வீட்டுக் கல்யாணத்தில் அவரை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டாமா? சகோதரி தம் மகளிடம் இதை அவசியம் சொல்லட்டும்.